துணி கறுத்தால் பித்தளை

பிப்ரவரி 3, திங்கள்

லிஃப்ட் உலோகத்தைத் துடைத்துப் பளபளப்பாக்குவது எங்கள் வேலை. இன்று புதுக் கட்டடம் ஆரம்பம். எங்களுக்குத்தான் புதுசு, கட்டடத்துக்கு நல்ல வயசாகிவிட்டது. லாபியில் நான்கு லிஃப்ட். வெளிக்கதவுகளில் இலையும் கொடியுமாக வார்ப்பு வேலை. உள்ளே கைப்பிடிக் கம்பி, பட்டன் பேனல், பின்சுவரில் பிற்காலத்தில் அடித்த ஸ்டீல் தகடு. மேனேஜர் சுற்றிக் காட்டிவிட்டு, “ஸ்டீலைத் தவிர மத்ததெல்லாம் பித்தளைதான். பளபளன்னு ஆக்கிடுங்க” என்றார். சரி சார் என்றேன். யார் எதைப் பித்தளை என்று சொன்னாலும் சரி என்று சொல்லிவிட்டு, அவர் போனபிறகு தனியாகப் பார்ப்பது என் வழக்கம்.

பார்க்கும் முறை பழசு. வெள்ளைத் துணி நுனியில் ஒரு துளி பாலிஷ், கண்ணில் படாத மூலையில் காசளவு இடம், நாலு தேய். துணி கறுத்தால் வெறும் பித்தளை. உலோகமும் அதன் மேல் படிந்த ஆக்ஸைடும்தான் அப்படிக் கறுப்பாக வரும். துணி வெள்ளையாகவே இருந்தால் மேலே லாக்கர் என்ற நிறமில்லாத காப்புப் பூச்சு இருக்கிறது, இல்லையென்றால் அது பித்தளையே இல்லை.

மூன்று லிஃப்ட்டின் உட்புறத்தில் கறுத்தது. நான்காவதில் எவ்வளவு தேய்த்தும் துணி வெள்ளை. காந்தத்தை வைத்துப் பார்த்துப் புண்ணியமில்லை, பித்தளையிலும் ஒட்டாது, 304 என்ற வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் ஒட்டாது. கீழே கதவோரத்தில் ஏதோ வண்டி இடித்த ஆழமான கீறல் ஒன்று கிடைத்தது. டார்ச் அடித்தால் கீறலுக்குள் வெள்ளை. ஸ்டீலுக்கு மேல் தங்க நிறப் பூச்சு. வெற்றிடப் பெட்டிக்குள் வைத்து டைட்டானியம் நைட்ரைடு ஏற்றுவார்கள். தடிமன் ஒரு மைக்ரானுக்கு முன்னே பின்னே இருக்கும். உரசுகிற பாலிஷ் எதையும் அதன் பக்கம் கொண்டுபோகக் கூடாது. பூச்சு கெட்டால் அந்த இடத்தில் ஒட்டுப்போட வழி கிடையாது, தகட்டையே கழற்ற வேண்டியதுதான்.

கூட வந்த பையன், “அப்போ இதுக்கு என்ன பண்றது அண்ணே?” என்றான். சோப்புத் தண்ணி, மெல்லிய துணி, அதோடு நிறுத்து என்றேன். அவனுக்கு ஏமாற்றம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான் எங்களுக்கு லிஃப்ட் கிடைக்கும். ஒரு சமயத்தில் ஒன்றுதான். லிஃப்ட் டெக்னீஷியன் வந்து அதைப் பொது ஓட்டத்திலிருந்து பிரித்து, கதவைத் திறந்த நிலையில் நிறுத்திக் கொடுத்த பிறகே உள்ளே கால் வைப்போம். கதவுக்கு நடுவே வாளியை முட்டுக்கொடுத்து வேலை செய்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கள் ஆட்களுக்கு அது ஆகாது.

பையனுக்கு முதல் பாடம்: திரவத்தைத் துணியில் தெளி, பேனலில் தெளிக்காதே. பட்டனைச் சுற்றி ஒரு முடி அளவு இடைவெளி இருக்கிறதே, அதன் வழியாக இறங்குவது பின்னாலிருக்கும் மின் இணைப்பில் போய் நிற்கும். பட்டன் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், அல்லது ஷார்ட் ஆகும். அடுத்தது கதவோரத்தில் மேலிருந்து கீழ்வரை ஓடும் கறுப்புப் பட்டை. அகச்சிவப்புக் கதிர்கள் அதிலிருந்துதான் புறப்பட்டு எதிர்ப்பக்கம் போகின்றன. ஆள் நிற்பதைக் கண்டு கதவைத் திரும்பத் திறப்பது அதுதான். அதில் பாலிஷ் படிந்து காய்ந்தால் எப்போதும் யாரோ நிற்பதாக நினைத்துக் கதவு மூடவே மூடாது. காலையில் புகார் வரும், டெக்னீஷியன் வருவார், எங்களைப் பார்ப்பார்.

கதவு ஓடும் கீழ்க்குழியையும் நாங்கள்தான் சுத்தம் செய்கிறோம். சிறு பிரஷ், வேக்குவம். எண்ணெய் விடக்கூடாது. எண்ணெய் விட்டால் அன்றைக்குக் கதவு வழுக்கிக்கொண்டு ஓடும். பிறகு தூசியெல்லாம் அதில் ஒட்டிக் கெட்டியாகி, கதவின் அடியில் குழிக்குள் சறுக்கி ஓடும் ஷூ என்ற சிறு கட்டையை அரைத்துவிடும்.

பிப்ரவரி 6, வியாழன்

வெளிக்கதவுகள். இதற்கென்று ஒரு இரவு முழுக்கப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்திருப்பேன், நேரம் இருந்தால்.

நிறம் அடர் பழுப்பு. அழுக்கு என்று மேனேஜர் நினைக்கிறார். அது அழுக்கு இல்லை, வைத்த நிறம். செய்தவர்களே கந்தகச் சேர்மத்தைத் தடவி வெண்கலத்தைப் பழுக்க வைத்து, மேலே எண்ணெயோ மெழுகோ ஏற்றியிருக்கிறார்கள். அந்தப் பழுப்பு இல்லாவிட்டால் கொடிக்கும் பின்புலத்துக்கும் வித்தியாசமே தெரியாது. பள்ளத்தில் கறுப்பு நிற்பதால்தான் இலை எழுந்து வருகிறது.

இடது ஓரக் கதவைப் பார்த்தால் நடந்தது புரியும். கை எட்டும் உயரம் வரை யாரோ வருஷக்கணக்காக பாலிஷ் போட்டிருக்கிறார்கள். இலை நரம்புகள் போய்விட்டன. ஒரு பறவை இருக்கிறது, அதற்குக் கண் இல்லை. அதற்கு மேலே, ஏணி வைத்தால் மட்டும் எட்டுகிற இடத்தில், அதே பறவை, அதே அச்சு: கண், அலகு, இறகுக் கோடு எல்லாம் நேற்று வார்த்தது மாதிரி. மேலே கெடாமல் இருப்பதற்கு ஒரே காரணம், யாருக்கும் ஏணி எடுத்துவரச் சோம்பல்.

பாலிஷ் என்பது மிக நைசான உப்புத்தாள், வேறொன்றுமில்லை. திரவத்தில் பொடி கலந்திருக்கிறது, பொடி உலோகத்தைச் சீவுகிறது. சீவிய அளவு கண்ணுக்குத் தெரியாது என்பதால் எல்லோரும் தைரியமாகச் சீவுகிறார்கள்.

கதவைச் சுற்றியுள்ள சட்டம் வார்ப்பு இல்லை, இழுத்த கம்பி. கட்டட வேலையில் அதையும் வெண்கலம் என்றுதான் விற்பார்கள். உண்மையில் செம்பு 57, துத்தநாகம் 40, ஈயம் 3 என்ற கணக்கில் சேர்த்த பித்தளை அது. கதவும் சட்டமும் இன்று ஒரே நிறத்தில் இருக்கின்றன என்றால், மேலே ஏற்றிய பழுப்புதான் இரண்டையும் சேர்த்து வைத்திருக்கிறது. அதை உரித்தால் கதவு ஒரு நிறம், சட்டம் ஒரு நிறம்.

பிப்ரவரி 7, வெள்ளி

மேனேஜரிடம் சொன்னேன். “பளபளப்பு வேணும்னுதானே உங்களைக் கூப்பிட்டோம்?” என்றார். நியாயமான கேள்வி. நியூயார்க்கில் சீகிராம் (Seagram) கட்டடம் என்று 1958இல் கட்டியது, வெளிப்புறம் முழுக்க வெண்கலச் சட்டங்கள். அது பச்சையாகிவிடாமல் இருக்க வருஷத்துக்கு ஒருமுறை எண்ணெய் போட்டுத் துடைக்கிறார்கள், பளபளப்பாக்க அல்ல, அந்தப் பழுப்பைக் காப்பாற்ற. போனில் படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். “ஒரு கதவு செஞ்சு காட்டுங்க.”

பிப்ரவரி 10, திங்கள்

காட்டினோம். காரமில்லாத சோப்புத் தண்ணீர், மென்மையான பிரஷ், பள்ளங்களில் மூங்கில் குச்சி. அங்கே வெள்ளையாக உறைந்து கிடந்தது பழைய பாலிஷ் மிச்சம். குச்சியால் கிளறக் கிளற வந்துகொண்டே இருந்தது. அலசித் துடைத்து நன்றாக உலர்ந்ததும் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு, மிக மெல்லியதாக. அருங்காட்சியகங்களில் சிலைகளுக்குப் போடுவதும் இதே வகைதான். கைரேகையும் ஈரமும் உலோகத்தைத் தொடாமல் மெழுகு இடையில் நிற்கும். மெழுகு அதிகமானால் பிசுக்காகித் தூசியைப் பிடிக்கும். கடைசியில் உலர்ந்த பருத்தித் துணியால் தேய்க்கும்போது கதவு ஒளியை வாங்க ஆரம்பித்தது.

மேனேஜர் காலையில் வந்து பார்த்துவிட்டு, “மத்த மூணையும் இப்படியே” என்று சொல்லிவிட்டுப் போனார். பாராட்டு அவ்வளவுதான். போதும்.

பிப்ரவரி 12, புதன்

இரண்டாவது லிஃப்ட்டின் ஸ்டீல் தகட்டில் கீழ்ப்பகுதி முழுக்க வெளிர் பழுப்புப் புள்ளிகள். “ஸ்டெயின்லெஸ்னு சொல்லி ஏமாத்திட்டாங்க” என்கிறார் வாட்ச்மேன். ஏமாற்றவில்லை. இந்த ஸ்டீலில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். காற்று பட்டதும் குரோமியம் தன் மேல் ஒரு ஆக்ஸைடு படலத்தைக் கட்டிக்கொள்கிறது. சில நானோமீட்டர்தான், ஆனால் கீறல் விழுந்தாலும் ஆக்ஸிஜன் இருந்தால் தானாகவே திரும்பக் கட்டிக்கொள்ளும். அதற்குப் பெரிய எமன் குளோரைடு. பிளீச்சில் இருக்கிறது, உப்புத் தண்ணீரில் இருக்கிறது, தரை கழுவும் ஆசிட் என்பதே ஹைட்ரோகுளோரிக் அமிலம். லிஃப்ட் வாசலில் தரைக்கல்லை ஆசிட் போட்டுக் கழுவியிருக்கிறார்கள். தகட்டின் மேல் ஒரு சொட்டுகூடத் தெறித்திருக்க வேண்டாம், ஆவி போதும். மூடிய லிஃப்ட்டுக்குள் ஆவி எங்கே போகும்?

ஆக்ஸாலிக் அமிலம் உள்ள க்ரீமை ஈரத்துணியில் எடுத்து, தகட்டில் இழுத்திருக்கும் நுண்கோட்டு ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்தோம். சீப்பு எப்படிப் போகுமோ அப்படி, ஒரே போக்கில். வட்டமாகத் தேய்த்தால் விளக்கு வெளிச்சத்தில் அந்த வட்டம் மட்டும் தனியாகத் தெரியும். புள்ளிகள் போயின. இரண்டு மூன்று இடத்தில் குழியே விழுந்திருக்கிறது. குழிக்கு மருந்து கிடையாது.

நியூயார்க்கின் கிரைஸ்லர் கட்டட உச்சியில் இருப்பதும் இதே 18–8 ஜாதி ஸ்டீல்தான். 1930இலிருந்து மழையிலும் புகையிலும் நிற்கிறது, அபூர்வமாகத்தான் கழுவியிருக்கிறார்கள். இங்கே கூரைக்கடியில் இருக்கும் தகடு துருப்பிடிக்கிறது. மழை அலசிவிடுகிறது, நாம் ஆசிட்டை விட்டுவிட்டுப் போகிறோம்.

பிப்ரவரி 13, வியாழன்

துப்புரவு அறையிலிருந்து ஸ்டீல் வுல் மொத்தத்தையும் வெளியே எடுத்து வைத்தேன். அதன் இரும்புத் துகள் தகட்டில் பதிந்து துருப்பிடிக்கும். பழி தகட்டுக்கு வரும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

பித்தளை பேனல்கள். தேய்மானத்தைப் பார்த்தே கட்டடத்தின் குணத்தைச் சொல்லலாம். தரைத்தளப் பட்டனும் கதவு மூடும் பட்டனும் வழுவழுவென்று தேய்ந்திருக்கின்றன. கதவு திறக்கும் பட்டன் புதுசாக இருக்கிறது.

எண்களின் பள்ளத்தில் கறுப்பு எனாமல். அதன் மேல் பாலிஷ் ஓடினால் கொஞ்சம் கொஞ்சமாக எனாமல் போய்விடும், எண் மங்கிவிடும். ஒட்டு மிச்சம் வைக்காத டேப்பால் எண்களை மூடிவிட்டுத்தான் சுற்றிலும் தேய்க்கிறோம். பட்டன் பக்கத்தில் பிரெயில் புள்ளிகள். இரண்டாவது லிஃப்ட்டில் அவற்றின் இடுக்கு முழுக்கக் காய்ந்த பாலிஷ், ஆறாம் மாடிப் புள்ளிகள் மேடே இல்லாமல் மழுங்கியிருந்தன. கண்ணால் பார்க்கிறவருக்குப் பேனல் பளிச்சென்று இருக்கும். விரலால் படிக்கிறவர் எந்த மாடியில் இறங்குவார்? டூத்பிரஷும் மரக்குச்சியும் வைத்து பையன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எடுத்தான். இந்த வேலையில் அவன் கை என் கையைவிட நிதானம்.

பேனலுக்கு அம்மோனியா வாடையடிக்கும் பாலிஷ் நான் வாங்குவதில்லை. லிஃப்ட்டுக்குள் மூச்சுமுட்டும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, இழுவிசையில் இருக்கும் பித்தளையை அம்மோனியா விரிசல் விடவைக்கும். ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவில் படைகளின் பித்தளைத் தோட்டாக் கூடுகள் மழைக்காலத்தில் தானாகவே வெடிப்பு விட்டன. பக்கத்துக் குதிரை லாயத்திலிருந்து வந்த அம்மோனியாதான் காரணம் என்பது 1921இல்தான் தெளிவாக விளங்கியது. பேனலை இழுத்துப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ தலைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். துடைத்துவிட்டால் போய்விடும் என்பார்கள். இடுக்கில் இறங்கியதை யார் துடைப்பது?

பிப்ரவரி 20, வியாழன்

பின்சுவர் ஸ்டீலில் நீளமாகச் சாவிக் கீறல். ரேகை ஃபினிஷ் என்பதால் சரிசெய்ய முடிந்தது: உரசும் நார் பேடை மரக்கட்டையில் சுற்றி, தகட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, நடுவில் நிற்காமல். கீறல் இருக்கும் இடத்தில் மட்டும் தேய்த்தால் கீறல் போய் ஒரு தழும்பு வரும். இதே கீறல் கண்ணாடி ஃபினிஷில் விழுந்திருந்தால் படிப்படியாக நைசான தாள்களில் இறங்கிப் போய் மறுபடி பாலிஷ் ஏற்ற வேண்டும்; அப்போதும் அந்த இடத்தில் பிம்பம் லேசாக நெளியும். முகம் பார்க்கத் தகடு கேட்கிற கட்டடக்காரர்கள் இதை யோசிப்பதில்லை.

பிப்ரவரி 26, புதன்

பித்தளைக் கைப்பிடிக்கு லாக்கர் அடிக்கலாமா என்று மேனேஜரே கேட்டார். நல்ல மாற்றம். பேனலின் மேல்பகுதிக்கும் கூரையோரப் பட்டைக்கும் அடிக்கலாம் என்றேன். அரிப்பைத் தடுக்கும் பென்சோட்ரையசோல் கலந்த அக்ரிலிக் லாக்கர் 1960களிலிருந்து இருக்கிறது, செம்புக் கலவைகளுக்கென்றே செய்தது. கைப்பிடிக்கு வேண்டாம். மோதிரமும் பையும் உரசி ஓரிடத்தில் லாக்கர் உடையும். காற்று உள்ளே புகுந்து படலத்துக்கடியில் புழு ஊர்ந்த மாதிரி கறுப்புக் கோடு ஓடும். அப்புறம் மொத்த லாக்கரையும் உரித்தாக வேண்டும். கைப்பிடி வெறுமனே இருக்கட்டும். பிடிக்கிற கைகளே நடுப்பகுதியைத் தேய்த்து வைத்திருக்கும், ஓரங்களை மட்டும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கிருமிக் கணக்கிலும் வெறும் பித்தளை மோசமில்லை. செம்புக் கலவைகளின் பரப்பில் பாக்டீரியா சாகிறது என்பதை அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2008இல் ஏற்றுப் பதிவு செய்தது. லாக்கர் அடித்தால் அந்தக் குணம் படலத்துக்கடியில் மாட்டிக்கொள்ளும்.

“அப்போ மாசாமாசம் நீங்க வரணும், அதானே?” என்று சிரித்தார். வாரம் ஒருமுறை வரச்சொன்ன மனுஷர்.

மார்ச் 1, சனி

ஒப்படைத்தாயிற்று. இரவுத் துப்புரவு ஆட்களுக்கு எழுதிக் கொடுத்த தாளை மேனேஜர் நீளம் என்று சொல்லி வெட்டினார். ஆசிட்டும் பிளீச்சும் லிஃப்ட் வாசலில் கூடாது, துணியில் தெளி, வெளிக்கதவை உலர்ந்த துணியால் மட்டும் துடை: இவ்வளவு நின்றது. நான்காவது லிஃப்ட்டுக்கு பாலிஷ் கூடாது என்ற வரியையும் எடுத்துவிட்டார், “அதான் பித்தளை இல்லையே, யார் போடப் போறா?” என்று. போடுவார்கள் சார் என்று சொல்லி அந்த வரியை மட்டும் கையால் எழுதிச் சேர்த்தேன்.

திங்கட்கிழமை வேறு கட்டடம். அங்கேயும் தங்க நிறக் கதவாம். வெள்ளைத் துணி எடுத்து வைத்தாயிற்றா என்று பையனைக் கேட்டேன். எடுத்துவிட்டேன், டார்ச்சும் எடுத்துவிட்டேன் என்றான்.