சின்ன லேப்டாப்பில் டெபியன்: டிவிடி படிமத்திலிருந்து தமிழ்99 வரை

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப்புற டவுன்களில் பழைய லேப்டாப் என்று கைக்கு வருவது பல நேரம் ஒரே ரகம்தான்: 11.6 அங்குலத் திரை, செலரான் சில்லு, 4 ஜிபி ரேம், பலகையோடு ஒட்டிய 32 ஜிபி இஎம்எம்சி சேமிப்பு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 குறைந்தது 64 ஜிபி சேமிப்பு கேட்கிறது. அதற்காக இந்த இயந்திரங்களைத் தூக்கிப் போட வேண்டாம். இலவச லினக்ஸ் இயங்குதளமான டெபியன் 13ஐ எக்ஸ்எஃப்சிஈ என்ற இலகுவான முகப்போடு போட்டால், பிள்ளைகள் கல்வி அமைச்சின் டெலிமா கற்றல் தளத்தில் நுழைய, கட்டுரை தட்ட, காணொளி பார்க்கத் தாராளமாகப் போதும். டெலிமாவுக்கு வேண்டியது உலாவி மட்டுமே.

டெபியன் பக்கத்தில் முதலில் கண்ணில் படுவது சிறிய நெட்-இன்ஸ்ட் கோப்பு. இணைய லைன் விட்டுவிட்டு வரும் இடத்தில் அதை எடுக்காதீர்கள். கோப்பு சின்னதுதான், மிச்ச மென்பொருள் பொதிகளையெல்லாம் நிறுவும்போதுதான் இழுக்கும். பாதியில் லைன் போனால் மென்பொருள் தேர்வுப் படியில் சிவப்புத் திரை வந்து நின்றுவிடும். நல்ல வைஃபை கிடைக்கும் இடத்தில் டிவிடி-1 படிமத்தை இறக்கிக்கொள்ளுங்கள். 4 ஜிபிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். முகப்பு, உலாவி, லிப்ரே ஆஃபிஸ், வன்பொருளுக்கு வேண்டிய ஃபர்ம்வேர் எல்லாம் உள்ளேயே உண்டு. கோப்பு பழுதில்லாமல் இறங்கியதா என்று காட்டும் எஸ்எச்ஏ256 எண்ணைச் சரிபார்த்துவிட்டு 8 ஜிபி பென்டிரைவில் எழுதுங்கள். எழுத ரூஃபஸ் நிரலைப் பயன்படுத்தினால் டிடி முறையைத் தேர்ந்தெடுங்கள். கோப்பைச் சும்மா பென்டிரைவில் நகலெடுத்துப் போட்டால் இயங்காது.

வேலையைக் காலையில் தொடங்குவது நல்லது. மதியத்துக்கு மேல் இடி மழை பிடித்துக் கரண்ட் போனால், பேட்டரி செத்த லேப்டாப் பாதி நிறுவலில் அணைந்துவிடும்.

லேப்டாப்பைப் போட்டதும் எஃப்2, எஃப்12, எஸ்கேப், டெலிட் விசைகளில் ஏதோ ஒன்று பென்டிரைவைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலுக்கு அழைத்துப் போகும். செக்யூர் பூட் இருந்தபடி இருக்கட்டும், டெபியன் அதை ஏற்கும். ஃபாஸ்ட் பூட்டை மட்டும் நிறுத்துங்கள்.

நாடு மலேசியா, விசைப்பலகை அமெரிக்க ஆங்கிலம். ஆங்கிலமும் மலேசியாவும் சேர்ந்த லொகேல் (மொழி-நாட்டு அமைப்பு) கிடையாது என்று நிறுவி சொல்லும். பிரிட்டன் ஆங்கிலத்தைக் கொடுங்கள். ரூட் (நிர்வாகி) கடவுச்சொல் கேட்கும் இரண்டு கட்டங்களையும் காலியாக விடுங்கள். அப்போதுதான் உங்கள் கணக்குக்கு சுடோ உரிமை, அதாவது நிர்வாகி வேலைகளைச் செய்யும் அனுமதி, கிடைக்கும். அதில் எதையாவது தட்டிவிட்டு, பிறகு சுடோ வேலை செய்யவில்லை என்று தவிப்பவர்கள் நிறைய.

வட்டைப் பிரிக்கும் திரையில் நிதானம் வேண்டும். பென்டிரைவ் எஸ்டிஏ என்று தெரியும், உள் சேமிப்பு எம்எம்சி என்று தொடங்கும். கொள்ளளவைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். இதைத் தாண்டினால் பழைய கோப்புகள் திரும்பாது. கைமுறையாகப் பிரிப்பதே என் பரிந்துரை: இயந்திரம் தொடங்க வேண்டிய ஈஎஃப்ஐ பகுதிக்கு 512 எம்பி, மிச்சம் முழுவதும் எக்ஸ்ட்4 கோப்பு முறை, அதில் எழுதுவதைக் குறைக்கும் நோஏடைம் விருப்பம். ஸ்வாப் பகுதி (ரேம் நிறைந்தால் வட்டில் எடுத்துக்கொள்ளும் இடம்) வேண்டாம். இஎம்எம்சி வேகம் குறைந்தது, எழுத எழுதத் தேயவும் செய்யும். ஸ்வாப் இல்லை என்று நிறுவி எச்சரித்தால் தொடருங்கள். நெட்வொர்க் மிரர் (இணையத்திலுள்ள பொதிக் களஞ்சியம்) கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

முடித்துப் பென்டிரைவைக் கழற்றியதும் 'பூட் சாதனம் இல்லை' என்று வந்தால், நிறுவல் கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். சில மலிவான லேப்டாப்களின் ஃபர்ம்வேர் டெபியன் எழுதிய பதிவைக் கண்டுகொள்ளாமல், கழற்றக்கூடிய வட்டுகளுக்கான பொதுவான பாதையை மட்டுமே தேடும். பென்டிரைவிலேயே இருக்கும் ரெஸ்க்யூ முறையில் நுழைந்து, இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் கிரப்பை அந்தப் பாதையிலும் கட்டாயமாக நிறுவச் சொல்லுங்கள், சரியாகிவிடும்.

முதல் நாளில் இன்னும் இரண்டு இடத்தில் தடுக்கும். ஏதாவது பொதி நிறுவப் போனால் டிவிடியைப் போடச் சொல்லும். பொதிகளை நிறுவும் சினாப்டிக் நிரலின் களஞ்சியப் பட்டியலில் சிடிராம் வரியின் குறியை எடுத்துவிட்டு, டெபியன் சர்வரின் முகவரியோடு புது வரி சேர்க்க வேண்டும்: பதிப்பு ட்ரிக்ஸி, பிரிவுகள் மெயின், நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர். அடுத்தது சத்தம். ஒலி அமைப்பில் 'டம்மி அவுட்புட்' மட்டும் தெரிந்தால், ஒலிச் சில்லுக்கான எஸ்ஓஎஃப் ஃபர்ம்வேர் பொதியை நிறுவி மறுதொடக்கம் செய்து பாருங்கள்.

ரேமுக்கு இசட்ராம்-டூல்ஸ் பொதி. ரேமின் ஒரு பகுதியையே சுருக்கி ஸ்வாப்பாக்கும், வட்டைத் தொடாது. அதன் அமைவுக் கோப்பில் அல்கோ (சுருக்கும் முறை) வரியை இசட்எஸ்டிடி என்றும் பெர்சென்ட் (ரேமில் எத்தனை சதவீதம்) வரியை 60 என்றும் மாற்றி, இரண்டு வரிகளின் முன்னுள்ள # குறியையும் நீக்குங்கள். அந்தக் குறி இருக்கும்வரை மாற்றம் ஏறாது. கூடவே எர்லிஊம் பொதியும் இருந்தால், உலாவியில் தாவல்கள் கூடிப்போகும்போது மொத்த இயந்திரமும் உறையாமல் அதிகம் விழுங்கும் நிரல் மட்டும் மூடப்படும்.

இனி தமிழ். எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் நோட்டோ எழுத்துருப் பொதி போதும். தட்டச்சில்தான் பலர் தவறுகிறார்கள். விசைப்பலகை அமைப்பில் 'தமிழ்நெட்99' என்று பார்த்ததும் சேர்த்துவிடுகிறார்கள். அங்கே அதே பெயரில் டேப், டிஸ்கி குறியாக்க வகைகளும் இருக்கின்றன. அவை பழைய எழுத்துருக்களுக்கானவை. யூனிகோட் கோப்பில் குப்பையாகத்தான் விழும். அதற்குப் பதில், தட்டச்சு முறைகளைத் தரும் ஐபஸ், ஐபஸ்-எம்17என் பொதிகள் இரண்டையும் நிறுவி, ஐஎம்-கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியில் ஐபஸைத் தேர்ந்து, வெளியேறித் திரும்ப நுழையுங்கள். நுழையும்போதுதான் அமைப்பு படிக்கப்படும். பிறகு ஐபஸ் பட்டியலில் தமிழ்99ஐச் சேர்த்து, சூப்பர் (விண்டோஸ் குறியுள்ள) விசையோடு ஸ்பேஸ் அழுத்தி மாறலாம்.

சோதிக்க ஒரு சொல் போதும். மவுஸ்பேட் என்ற உரை எழுதும் நிரலைத் திறந்து ஆங்கில ஏ, கே, கே, க்யூ விசைகளை வரிசையாக அழுத்துங்கள். அ, ம, இரண்டாவது ம வந்ததும் முதல் ம தானாகப் புள்ளி பெறும், கடைசியில் கால் சேரும்: அம்மா. புள்ளி தானாக விழாவிட்டால் நீங்கள் இன்னும் பழைய விசைப்பலகை அமைப்பில்தான் இருக்கிறீர்கள். முரசு அஞ்சலில் ஒலிபெயர்ப்பு முறைக்குப் பழகிய கைக்கு, அதே பட்டியலில் ஃபொனெட்டிக் உண்டு.

லிப்ரே ஆஃபிஸில் எழுத்துருவை மாற்றியும் தமிழ் மட்டும் மாறாமல் அடம்பிடித்தால், மொழி அமைப்பில் சிக்கலான எழுத்து அமைப்பு என்ற குறியைப் போட்டுத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். தமிழுக்கான எழுத்துருவை அது தனியாகத்தான் வைத்திருக்கிறது.