வேப்பங்கொத்தும் தொடர்பு வீதமும்

மலேசியாவின் செபராங் பிறையில் நான் வளர்ந்த தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டில் அம்மை போட்டுவிட்டால், விடிவதற்குள் அந்த வாசலில் வேப்பங்கொத்து தொங்கும். எவரும் அறிவிப்பு ஒட்டியதில்லை. ஆனாலும் அந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு வராது, அக்கம்பக்கத்தார் படியேற மாட்டார்கள், எங்கள் ஆயா இளநீரை வாசற்படியிலேயே வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார். தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடித்த பிறகுதான் அந்தக் கதவு பிறருக்குத் திறக்கும். இன்று பினாங்கில் கணிதம் கற்பிக்கும் நான், நோய் வந்திருப்பதை அறிந்த மனிதர் தம் பழக்கத்தை எந்த அளவுக்கு, எத்தனை நாளைக்கு மாற்றிக்கொள்வார் என்ற கேள்வி எழும்போதெல்லாம் அந்த வாசலைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

நோய் பரவுவதைக் கணிக்க 1927-இல் கெர்மாக், மெக்கென்ட்ரிக் இருவரும் வகுத்த கணித மாதிரியில் மக்கள் மூன்று பிரிவினர்: நோய் தொற்றக்கூடியவர், தொற்றியவர், நோயிலிருந்து நீங்கியவர். முதல் பிரிவினரும் இரண்டாம் பிரிவினரும் எந்த வேகத்தில் கலக்கிறார்கள் என்பதைத் தொடர்பு வீதம் என்ற எண் குறிக்கிறது. தொடக்கத்தில் ஒரு நோயாளி சராசரியாக இருவருக்கு நோயைக் கொடுத்தால், இறுதியில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினரைத் தொற்று எட்டிவிடும் என்று இம்மாதிரி சொல்கிறது. அந்தக் கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்த ஒற்றை எண், ஊரில் ஒருவருமே படுக்காத நாளிலும், தெருவுக்கு ஒரு சாவு விழுந்த நாளிலும் மாறாமல் அப்படியே நிற்கிறது.

பினாங்கில் 1879-இல் பிறந்த மருத்துவர் வூ லியன் தே, 1910-11 மஞ்சூரிய நுரையீரல் பிளேக்கின்போது முகக்கவரி அணியும்படி வற்புறுத்தினார். அதை மறுத்த பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் அந்த நோயாலேயே இறந்தார். கணிதத்தில் சொல்வதானால், எத்தனை பேரைச் சந்திக்கிறோம் என்பது ஒன்று, ஒரு சந்திப்பில் நோய் தொற்றும் வாய்ப்பு எவ்வளவு என்பது வேறொன்று; முகக்கவரி இரண்டாவதைக் குறைக்கிறது. இரண்டுமே மனிதரின் முடிவைப் பொறுத்தவை.

கோவிட் பரவலைத் தடுக்க 2020 மார்ச் 18-ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வருவதற்கு முந்தைய நாள், மாநிலம் கடக்கக் காவல்துறையின் அனுமதி வேண்டும் என்ற அறிவிப்பு வந்ததும், மக்கள் காவல் நிலையங்களில் திரண்டு நின்றார்கள். அன்றிரவே அந்த நிபந்தனை கைவிடப்பட்டது. கூட்டத்தைத் தடுக்க வந்த ஆணையே ஒரு நாள் கூட்டத்தை உண்டாக்கியது. இதை மக்களின் அறியாமை என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. ஊரில் தனியாக இருக்கும் பெற்றோரிடம் போய்ச் சேர நினைப்பது நியாயமான எண்ணம். அதற்கு இடமளிக்காத கணக்குதான் குறையுடையது.

அச்சத்தையே இரண்டாவது தொற்றாகக் கருதும் மாதிரி ஒன்றை ஜோஷுவா எப்ஸ்டைனும் அவருடைய சகாக்களும் 2008-இல் வெளியிட்டனர். நோயாளியைப் பார்த்தும் அச்சம் வரும், அஞ்சியவரைப் பார்த்தும் வரும். அஞ்சியவர் வீட்டுக்குள் ஒதுங்குவதால் நோய் தணிகிறது. நோய் தணிவதைக் கண்டு அச்சம் தெளிகிறது. நோய் முற்றும் ஒழியும் முன்பே அவர் வெளியே வந்துவிட்டால் இரண்டாம் அலை எழுகிறது. கிருமி உருமாறாமலேயே இப்படி நேரலாம் என்பது, முதன்முறை அந்த வரைபடத்தைக் கண்டபோது என்னை உலுக்கியது.

அதே ஆண்டில், எட்டு ஐரோப்பிய நாடுகளில் 7,290 பேர் ஒரு நாளில் தாம் யார் யாரைச் சந்தித்தார்கள் என்று எழுதித் தந்த நாட்குறிப்புகளின் ஆய்வும் வெளிவந்தது. நம் ஊரில் இது எப்படி இருக்கும் என்று பார்க்க, குயின் ஸ்திரீட் பக்கம் பூக்கடை வைத்திருக்கும் என் அத்தையிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தேன். பேசினால் ஒரு கோடு, தொட்டால் குறுக்குக் கோடு. மதியத்துக்குள் நூறு கோடுகள் தாண்டிவிட்டன. நார் நனைத்த ஈர விரல்பட்டுப் பாதிக்கு மேல் கலைந்தும் போயிருந்தன. “ஏம்மா, சில்லறை கொடுக்கும்போது கை படுதே, அதையும் போடணுமா?” என்று கேட்டார். போட வேண்டும் என்றேன். “அப்ப எல்லாமே குறுக்குக் கோடுதான்” என்று சொல்லிவிட்டு அடுத்த முழத்தை அளக்கத் தொடங்கினார்.

நோய் பெருகினால் அத்தைக்கும் அச்சம் வரும். ஆனால் பூ மறுநாளைக்கு நிற்காது. கடையை மூடினால் அன்றைய வருமானம் அன்றோடு போயிற்று. 2021-இன் நடுப்பகுதியில் பி40 எனப்படும், வருமானத்தில் கீழ்த்தட்டு 40 விழுக்காட்டுக் குடும்பங்கள் பல உதவி கேட்டு வீட்டு வாசலில் வெள்ளைக்கொடி கட்டியபோது நாம் கண்டது இதைத்தான். ஒரு வாசலில் வேப்பங்கொத்து, இன்னொரு வாசலில் வெள்ளைத்துணி. முன்னது உள்ளே வராதே என்றது. பின்னது எங்களால் இனி உள்ளேயே இருக்க முடியாது என்றது. நாம் எழுதும் சமன்பாடுகளில் முன்னதற்கு ஓரளவு இடம் கிடைத்துவிட்டது, பின்னதற்கு இன்னும் போதிய இடமில்லை.

ஆகவே இந்தப் பருவத்தில் என் மாணவர்களோடு சேர்ந்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் கையிருப்பு நாட்கள், அதாவது வருமானமில்லாமல் வீட்டுக்குள் இருக்கக்கூடிய நாட்கள், என்றோர் எண்ணை மாதிரியில் சேர்த்துப் பார்த்தோம். அச்சம் எவ்வளவு இருந்தாலும், கையிருப்பு தீர்ந்த குடும்பத்தின் தொடர்பு வீதம் பழைய அளவுக்கே திரும்பும். எண்கள் பயிற்சிக்காக நாங்கள் எடுத்துக்கொண்டவை: பாதிக் குடும்பங்களுக்கு 14 நாள், மீதிக்கு 60 நாள். கணினியில் ஓட்டியபோது, இறங்கிக்கொண்டிருந்த தொற்றுக் கோடு பதினைந்தாம் நாளில் நின்று மீண்டும் ஏறத் தொடங்கியது. 14 என்பதை 30 ஆக்கியபோது அந்தத் திருப்பம் முப்பதாம் நாளுக்கு அப்பால் நகர்ந்தது. அந்தப் பதினாறு நாளுக்கான அரிசியும் பருப்பும் என்ன விலையாகும் என்று ஒரு மாணவி கரும்பலகையின் ஓரத்தில் கூட்டத் தொடங்கினாள்.