மாமி வீட்டு மலைக்கு ஸ்னோ டயர்

வெள்ளவத்தையில் இருந்து மஸ்கெலியாவுக்கு மேலே மாமி இருக்கும் தோட்டம் வரை 140 கிலோமீற்றர் சொச்சம். கடைசி ஆறு கிலோமீற்றரை ரோட்டு என்று சொல்ல முடியாது, மற்றதெல்லாம் தார். இந்தச் சின்னக் கணக்கை ஒழுங்காகப் போட எனக்கு இரண்டு செட் டயர் செலவானது.

நம்முடையது பழைய ஹைலக்ஸ் டபள் கெப். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது, இருக்கிற வண்டியையே பேணிக்கொள்வோம் என்று முடிவெடுத்தவர்களில் நானும் ஒருவன். டயர் அளவு 265/65 ஆர் 17. நாலும் மொட்டையானதும் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். ஒரு கடையில் ஜப்பானில் இருந்து வந்த பாவித்த டயர்கள் கூரை முட்ட அடுக்கிக் கிடந்தன. "ஓல் டெரெய்ன் சேர், மலைக்கென்றே செஞ்சது" என்று, அதாவது தாருக்கும் கல்லு ரோட்டுக்கும் பொதுவான டயர் என்று, ஒரு செட்டை உருட்டிவிட்டார்கள். ஓரத்தில் மூன்று சிகரமுள்ள ஒரு மலை, அதற்குள் பூ மாதிரி ஏதோ. மலைப் படமே போட்டிருக்கிறது, வேறென்ன வேண்டும்? விலையும் புதியதில் பாதி. வாங்கிவிட்டேன்.

மார்கழியில் கிளம்பினோம். ஹைலெவல் வீதியில் மகரகமை தாண்டும்போதே ஸ்டியரிங் ஒரு மாதிரி குழைந்தது. கொழுக்கட்டை மேல் வண்டி ஓடுகிற உணர்வு. புது டயர் பழக வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவிசாவளையில் ஏ7 வீதிக்குத் திரும்பி, யட்டியாந்தோட்டை றப்பர் மரங்களைக் கடந்து, கித்துல்கலையில் பிளேன்டீ குடித்து, களனி கங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஏறத் தொடங்கினோம். கினிகத்தேனை தாண்டியதும் மழை. அந்தப் பக்கம் மழை பெய்யாவிட்டால்தான் ஆச்சரியம். பக்கத்து வட்டவளை நாட்டிலேயே அதிகம் நனைகிற இடங்களில் ஒன்று.

முன்னால் போன பஸ் ஒரு வளைவில் திடீரென்று நின்றது. நானும் பிரேக்கை மிதித்தேன். நிற்க வேண்டிய வண்டி இன்னும் கொஞ்சத் தூரம் வழுக்கிப் போய், பஸ்ஸின் பின் பம்பருக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. மனைவி "முருகா" என்றாள். அதற்குப் பிறகு ஹட்டன் வரைக்கும் வாயே திறக்கவில்லை. பஸ்ஸை விட அதுதான் பயமாக இருந்தது.

நோர்வூட் வழியாக மஸ்கெலியா. மவுசாகலை நீர்த்தேக்கம் நிறைந்து கிடந்தது. தண்ணீர் வற்றும் காலத்தில் பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரியும், அன்று தெரியவில்லை. அதற்கு மேலே தோட்டத்துக் கல்லு ரோட்டு. கடைசி வளைவில் சில்லு சும்மா சுற்றியது, வண்டி அசையவில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் இருந்து வந்த பையன்கள்தான் தள்ளி ஏற்றிவிட்டார்கள். ஒருவன் குனிந்து டயரைத் தடவிப் பார்த்து, "அண்ணே, மொட்டையும் இல்ல, ஆனா புடிக்கவும் மாட்டேங்குதே" என்றான்.

மறுநாள் காலை வெளிச்சத்தில் நிதானமாகப் பார்த்தேன். டயரில் தரையைத் தொடும் ஒவ்வொரு றப்பர் கட்டையிலும் சவர பிளேடால் கீறியது போல நெளிநெளியாக நுணுக்கமான வெட்டுகள். நகத்தை அழுத்தினால் பள்ளம் விழுகிறது. கல்லில் ஏறியதில் விளிம்புகள் எலி கொறித்த மாதிரிப் பிய்ந்திருந்தன. படமெடுத்து மொன்றியலில் இருக்கும் அத்தானுக்கு அனுப்பினேன். அங்கே நடுச்சாமம், ஆனாலும் உடனே அழைத்தார். சிரித்து முடிக்கவே ஒரு நிமிடம் ஆனது.

"டேய், உது ஸ்னோ ரயரடா! நாங்கள் இஞ்சை பனிக்குப் போடுறது."

அவர் இருக்கும் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் போட வேண்டும் என்பது சட்டம். சாதாரண டயரின் றப்பர் ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே விறைக்கத் தொடங்கும். அதனால் குளிர்கால டயரை விறைக்காத மென்மையான றப்பரில் செய்கிறார்கள். அந்த நுணுக்கமான வெட்டுகள் பனியைக் கவ்வுவதற்கு. அதே றப்பர் 30 பாகைத் தாரில் குழைந்து நெளியும், சீக்கிரம் தேயும், ஈரத்தில் நிற்கவும் கூடுதல் தூரம் எடுக்கும். நுவரெலியாவில் தை மாத விடியலில் புல்லில் உறைபனி பூக்கும்தான். அதற்காக டயர் மாற்றப் போனால் பகல் வெயிலில் மாட்டிக்கொள்வோம்.

நான் ஓல் டெரெய்ன் என்று நம்பிய மலைப் படம், பனியில் இழுவைச் சோதனை செய்து தேறிய டயருக்குக் கொடுக்கும் அடையாளம். பூ என்று நினைத்தது பனித்துகள். சில ஓல் டெரெய்ன் டயரிலும் அது இருக்கும் என்பதால் படத்தை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 'எம் பிளஸ் எஸ்' என்று மட்டும் போட்டிருந்தால், சேற்றுக்கும் பனிக்கும் ஏற்ற வடிவம் என்று தயாரிப்பாளரே சொல்லிக்கொள்வது. அதற்குச் சோதனை கட்டாயமில்லை. ஜப்பானில் ஓடும் இந்த ஸ்டட்லெஸ், அதாவது ஆணி பதிக்காத பனி டயர்கள், பாதி தேய்ந்தாலே பனிக்கு உதவாது. பாதி தேய்ந்ததைக் காட்டவே கட்டைகளுக்கு நடுவில் தனியாக ஒரு மேடு வைத்திருப்பார்கள். என்னுடையதில் அந்த மேடு மட்டமாகத் தெரிந்தது. அங்கே கழற்றி எறிந்ததை நான் இங்கே காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

இரண்டாம் தடவை வேறு கடை. அங்கிருந்த கடைக்கார நானா முதலில் கேட்டது, "எங்க ஓடுறீங்க தம்பி?" என்றுதான். முந்தைய கடையில் யாரும் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சேற்றுக்கென்றே முரட்டுக் கட்டை வைத்த மட் டெரெய்ன் கம்பீரமாகத்தான் இருந்தது. ஆனால் காலி வீதியில் தினமும் அந்த இரைச்சலோடு போய்வர என்னால் முடியாது. 265/70 போட்டால் வண்டி உயர்ந்து நிற்கும் என்று ஆசைப்பட்டேன். விட்டம் 26.5 மில்லிமீற்றர் கூடும், ஸ்பீடோமீற்றர் 100 காட்டும்போது உண்மையில் 103க்கு மேல் போய்க்கொண்டிருப்பீர்கள் என்று நானா கல்குலேட்டரில் போட்டுக் காட்டினார். சரி, பழைய அளவே போதும். கட்டைகள் அதிகம் முரடாக இல்லாத ஓல் டெரெய்ன், சுமைக் குறி 112, அதாவது ஒரு டயருக்கு 1120 கிலோ. ஓரத்தில் இருக்கும் நாலு இலக்கத்தை இந்தத் தடவை நானே குனிந்து வாசித்தேன்: முதல் இரண்டும் டயர் தயாரித்த வாரம், பின் இரண்டும் ஆண்டு.

பொங்கலுக்கு மறுபடி போனோம். வேகம் கூடினால் ஒரு மெல்லிய உறுமல் வருகிறது, பாட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தால் கேட்காது. கினிகத்தேனையில் அதே மழை, வண்டி சொன்ன இடத்தில் நின்றது. தோட்டத்து ரோட்டுத் தொடங்கும் இடத்தில் டயர் காற்றை 32 பிஎஸ்ஐயில் இருந்து 25க்கு இறக்கினேன். கல்லில் துள்ளல் குறைந்தது, அந்தக் கடைசி வளைவில் சில்லு ஒரு தரம் திணறிவிட்டு ஏறியது. பையன்கள் தள்ளத் தயாராக நின்றார்கள், பாவம், ஏமாந்து போனார்கள்.

பழைய நாலையும் வண்டியின் பின்னாலேயே ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். வெள்ளவத்தைப் பிளட்டில் பழைய டயர் வைத்தால் மழைத்தண்ணீர் தேங்கும், டெங்கு நுளம்பு வரும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பிஎச்ஐ வந்து நிற்பார். மாமி அவற்றை நீளமாகப் பார்த்துவிட்டு அடியில் கல் போட்டு மண் நிரப்பச் சொன்னார். இப்போது இரண்டில் லீக்ஸ், ஒன்றில் கரட். நாலாவதில் என்ன போடுவது என்று மாமிக்கும் மனைவிக்கும் இன்னும் போனில் இழுபறி.