புக்கெட் தீவில் எத்தனை பேர்? ஒரு கணக்கெடுப்பாளரின் நாட்குறிப்பு

28 மார்ச் 2024

நேற்றிரவு சாப்பிட உட்கார்ந்தபோது மாப்பிள்ளை கேட்டார்: “அத்தை, நீங்கள் இரண்டு தடவை மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் போனவர்கள். இந்தத் தீவில் உண்மையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சொல்ல முடியுமா?” அவர் ஓர் ஓட்டலில் பராமரிப்புப் பிரிவைப் பார்க்கிறார். லாரித் தண்ணீர் எவ்வளவு வாங்குவது, குப்பை வண்டி எத்தனை நடை வரும் என்பதெல்லாம் அவருடைய அன்றாடக் கவலை.

சென்னை மாநகராட்சி எல்லையைவிடச் சற்றே பெரிய, சுமார் 543 சதுர கிலோமீட்டர் கொண்ட இந்தத் தீவுக்கு மூன்று எண்கள் வழங்குகின்றன. தாய்லாந்து உள்துறை அமைச்சகத்தின் பதிவேடு புக்கெட் மாகாணத்துக்குச் சுமார் 4.2 லட்சம் என்கிறது. 2010ஆம் ஆண்டு கணக்கெடுப்பில் கிடைத்தது 5,25,709. உள்ளூர்த் தலைவர்கள் நிதி கேட்கும்போதெல்லாம் பத்து லட்சத்துக்கு மேல் என்று பேசுகிறார்கள். பதினான்கு ஆண்டுப் பழைய கணக்கெடுப்பு இன்றைய பதிவேட்டைவிட ஒரு லட்சம் கூடுதலாகக் காட்டுகிறது என்றால், பதிவேடு தவறிழைக்கிறது என்பதைவிட, அது எண்ணுவது வேறு ஏதோ ஒன்று என்றுதான் கொள்ள வேண்டும். ஊருக்குத் திரும்ப இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் என்னால் ஆன மட்டும் கணக்குப் போட்டுப் பார்ப்பேன்.

30 மார்ச் 2024

மகளின் அடுக்ககத்தைத் துப்புரவு செய்ய வரும் பெண் தென் தாய்லாந்தின் இன்னொரு மாகாணமான நக்கோன் சி தம்மராட்டைச் சேர்ந்தவர். மகள் அவரைப் ‘பீ’ என்று அழைக்கிறாள். நம் ‘அக்கா’வுக்கு ஒப்பான சொல். பதினோரு ஆண்டுகளாக இங்கேயே வேலை பார்க்கும் அவருடைய பெயர் இந்தத் தீவின் பதிவேட்டில் இல்லை.

இந்த நாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் நீல அட்டை போட்ட ஒரு வீட்டுப் பதிவுப் புத்தகம் உண்டு. யார் பெயர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறதோ, அவர் அந்த ஊர்க்காரர். அவருடைய புத்தகம் அம்மா வீட்டு அலமாரியில் துணிக்கடியில் இருக்கிறதாம். ஏன் மாற்றவில்லை என்று மகள் மூலமாகக் கேட்டேன். வாடகை வீட்டுக்காரர் தம்முடைய புத்தகத்தில் பிறர் பெயரை எழுத விடமாட்டார், ஓட்டு அங்கே, பிள்ளை படிப்பது அங்கே, பாட்டியிடம். இதில் அலட்சியம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அவருடைய நிலையில் நானும் மாற்றியிருக்கமாட்டேன்.

தாய்லாந்தில் இப்படிப்பட்டவர்களுக்கு ‘பிரச்சாகோன் ஃபேங்’, அதாவது மறைந்துள்ள மக்கள்தொகை, என்றே பெயர் இருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் பகலில் வந்து போவோர், இரவிலும் தங்குவோர் என்று அவர்களைப் பிரித்துக் கணிக்கிறது. நாடு முழுவதற்கும் பார்த்தால் வேறுபாடு சிறிதுதான்: 2010இல் பதிவேட்டில் 6.39 கோடி, கணக்கெடுப்பில் 6.60 கோடி, அதாவது மூன்று சதவீதம் கூடுதல். புக்கெட்டில் அதே ஆண்டுப் பதிவேடு சுமார் 3.45 லட்சம் என்பதால், கணக்கெடுப்பு அதைவிட ஐம்பது சதவீதத்துக்கும் மேல் கூடுதல். இந்த ஒன்றரை மடங்கை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

2 ஏப்ரல் 2024

யாரை எண்ணுவது என்று முடிவு செய்யாமல் எத்தனை என்று கேட்பதில் பொருளில்லை. இதை நான் கற்றுக்கொண்டது 2011இல் இராமேசுவரத்தில். பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடு வீடாகப் போனோம்; 28ஆம் தேதி இரவு வீடற்றவர்களை எண்ண வேண்டும். அந்த ஆண்டு மகா சிவராத்திரி மார்ச் 2ஆம் தேதி. அக்னி தீர்த்தக் கரையில் துண்டை விரித்துப் படுத்திருந்தவர்களில் யார் வீடில்லாதவர், யார் மதுரையிலோ மத்தியப் பிரதேசத்திலோ வீட்டைப் பூட்டிவிட்டு வந்த யாத்திரிகர் என்று டார்ச் வெளிச்சத்தில் எப்படித் தெரியும்? ஒவ்வொருவரையும் எழுப்பிக் கேட்டோம். நகராட்சியின் மக்கள்தொகை 44,856 என்று பின்னால் அச்சானது. அந்த எண்ணில் யாத்திரிகர்கள் இல்லை. அவர்கள் தத்தம் ஊரில் எண்ணப்பட்டவர்கள்.

தாய்லாந்தின் 2010 கணக்கெடுப்புக்கும் இதையொத்த விதி இருந்தது. கணக்கெடுப்பு நாள் செப்டம்பர் 1. வெளிநாட்டவர் என்றால் மூன்று மாதமாவது தங்கியிருந்தவர் மட்டும். எனவே அந்த 5,25,709 பேரில் சுற்றுலாப் பயணி ஒருவரும் இல்லை. செப்டம்பர் இங்கே மழைக்காலம், ஓட்டல்கள் ஆட்குறைப்பு செய்யும் பருவம். ஆகவே சனவரியில் எண்ணியிருந்தால் தொழிலாளர் எண்ணிக்கையும் கூடுதலாகவே வந்திருக்கும் என்பது என் கருத்து. 2020இல் நடக்க வேண்டிய அடுத்த கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போய்விட்டது.

4 ஏப்ரல் 2024

சுற்றுலாப் பயணிகள்தாம் கணக்குக்கு அடங்காதவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போட்டுப் பார்த்தால் அவர்களுடையதுதான் மிக எளிய கணக்கு.

கொரோனாவுக்கு முன், 2019இல், புக்கெட் விமான நிலையத்தைச் சுமார் 1.8 கோடிப் பயணிகள் பயன்படுத்தினார்கள். வந்தவர் பாதி, போனவர் பாதி என்றால் 90 லட்சம் வருகை. நாளொன்றுக்கு ஏறத்தாழ 24,600. ஒருவர் சராசரியாக ஐந்து இரவு தங்குகிறார் என்று வைத்துக்கொண்டால், எந்த ஓர் இரவிலும் தீவில் இருப்பவர் சுமார் 1.2 லட்சம். அரிசி டப்பாவில் தினமும் ஒரு படி போட்டு, போட்டதை ஐந்து நாள் கழித்து எடுத்தால், டப்பாவில் எப்போதும் ஐந்து படி இருக்கும் என்பதே இந்தக் கணக்கு. ஐந்து இரவு என்பது என் ஊகம். விமானத்தில் இறங்கி நேராகத் தீவுக்கு வெளியே உள்ள காவோ லாக், கிராபி கடற்கரைகளுக்குப் போகிறவர்களைக் கழிக்க வேண்டும். சாலையிலும் படகிலும் வருகிறவர்களைக் கூட்ட வேண்டும். இரண்டும் ஓரளவு ஈடுகட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

வெளிநாட்டவர் எங்கே தங்கினாலும் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்று இங்கே சட்டம் இருக்கிறது. நான் வந்து இறங்கியவுடன் மகளும் அதைத்தான் செய்தாள். ஸ்பெயினின் பலேரிக் தீவுகளில் ஒரு படி மேலே போய், விமானத்திலும் கப்பலிலும் வந்தவர், போனவர் கணக்கை வைத்து அன்றாடம் தீவுகளில் இருப்போர் எத்தனை என்று புள்ளியியல் நிறுவனமே கணித்து வெளியிடுகிறது. சுமார் 12 லட்சம் பேர் வாழும் அங்கே ஆகஸ்டில் அந்த எண் 20 லட்சத்தைத் தாண்டுகிறது. புக்கெட்டில் அந்த முறையை அப்படியே பயன்படுத்த முடியாது. 1967இல் திறந்த சராசின் பாலம் முதற்கொண்டு இந்தத் தீவு நிலத்தோடு இணைந்திருக்கிறது. துப்புரவு செய்ய வரும் அக்கா விமானத்தில் வரவில்லை. இரவுப் பேருந்தில் பாலம் வழியாக வந்தார்.

7 ஏப்ரல் 2024

மாலை நடைக்குப் போகும் வழியில் ஒரு கட்டுமான இடத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகைகள் மூன்று வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு அறை. குடியிருப்பவர்கள் மியான்மாரிலிருந்து வந்த தொழிலாளர்கள். ஆறரை மணிக்குப் பிக்கப் வண்டிகள் வந்து அவர்களை இறக்கிவிட்டன; நின்றபடியே நெருக்கியடித்து வந்திருந்தார்கள். ஏழரை மணிக்கு நான் திரும்பியபோது எல்லா அறையிலும் விளக்கு எரிந்தது, எல்லா வாசலிலும் செருப்பு கிடந்தது.

ஆசிரியையாக இருந்த பழக்கத்தில் எண்ணத் தொடங்கிவிட்டேன். முதல் அறையில் நான்கு சோடி, அடுத்ததில் ஆறு, அதற்கடுத்ததில் மூன்று. சிமெண்ட் ஒட்டிக் காய்ந்த ரப்பர் செருப்புகளே மிகுதி. முப்பத்தாறு வாசலிலும் சேர்த்து 143 சோடி. அவற்றில் ஒன்பது சோடி என் உள்ளங்கை நீளம்கூட இல்லை. பத்துக்குப் பத்து அடி அறைக்கு நான்கு பேர் என்றாகிறது. அனுமதிச் சீட்டு வைத்திருக்கும் தொழிலாளர்களின் எண்ணிக்கை தொழிலாளர் துறையிடம் இருக்கும். அந்த ஒன்பது சோடிச் செருப்புக்குரிய குழந்தைகள் எந்தத் துறையின் பட்டியலில் இருப்பார்கள்?

9 ஏப்ரல் 2024

மாப்பிள்ளை குப்பைக் கணக்கைக் கொண்டுவந்தார். சபான் ஹின் அருகே உள்ள எரி உலை நாளொன்றுக்கு 700 டன் எரிக்கும் திறன் கொண்டது; சேரும் குப்பையோ ஆயிரம் டன்னைத் தாண்டிவிட்டது. இந்த நாட்டில் தலைக்குச் சுமார் 1.1 கிலோ என்பது பொதுவான அளவு. ஆயிரம் டன்னை அதால் வகுத்தால் ஒன்பது லட்சம் பேர் வருகிறது. பத்து லட்சம் என்கிற பேச்சு இப்படித்தான் பிறந்திருக்குமோ என்று தோன்றுகிறது.

ஆனால் ஓட்டல் விருந்தினரும் வீட்டில் சமைத்துச் சாப்பிடும் குடும்பமும் ஒரே அளவு குப்பை போடுவதில்லை. காலை உணவுக்குப் பரப்பி வைத்ததில் எவ்வளவு வாளிக்குப் போகிறது என்று மாப்பிள்ளை நாள்தோறும் பார்க்கிறார். பயணிக்கு 2 கிலோ வைத்தால் 1.2 லட்சம் பேருக்கு 240 டன். மீதி 760 டன்னை 1.1ஆல் வகுத்தால் வாழ்பவர்கள் 6.9 லட்சம். மறுபக்கம், பதிவேட்டின் 4.2 லட்சத்தை 2010இன் ஒன்றரை மடங்கால் பெருக்கினால் 6.3 லட்சம். தனித்தனியாகக் கிளம்பிய இரண்டு கணக்குகள் இவ்வளவு பக்கத்தில் வந்து நின்றதைப் பார்த்து மனம் நிறைந்தது உண்மை.

10 ஏப்ரல் 2024

தண்ணீரை வைத்துக் கணிக்கலாம் என்ற எண்ணத்தைக் கைவிட்டேன். பாங் வாட் போன்ற நீர்த்தேக்கங்களிலிருந்து குழாயில் வருவதற்குக் கணக்கு உண்டு. ஆனால் ஓட்டல்கள் சொந்தக் கிணற்றிலும், பழைய வெள்ளீயச் சுரங்கக் குழிகளில் தேங்கிய நீரிலும், லாரித் தண்ணீரிலும் காலம் தள்ளுகின்றன. அந்தக் குழிகளும் வெளியாட்கள் தோண்டியவையே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இறங்கிய தீவு இது. வடக்கே தக்குவாபாவில், ஒரு குளத்தை வணிகக் குழுவான மணிக்கிராமத்தாரின் பாதுகாப்பில் விட்டதாகச் சொல்லும் ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. இந்தக் கரையில் வந்தவர்கள் தண்ணீரைப் பற்றி யோசித்தது புதிதில்லை.

12 ஏப்ரல் 2024

நாளை சோங்க்ரான், தாய்லாந்துப் புத்தாண்டு. துப்புரவு அக்காவை வழியனுப்ப மகளோடு பேருந்து நிலையத்துக்குப் போனேன். நக்கோன் சி தம்மராட், திராங், பத்தலுங், ஹட் யாய், வடகிழக்கே ஈசான் மாகாணங்கள் என்று ஒவ்வொரு வரிசையும் நிலையத்தின் வெளிவாசல் வரை நீண்டிருந்தது. முதுகுப் பை, மடியில் குழந்தை, பாட்டிக்கு வாங்கிய மின்விசிறி அட்டைப் பெட்டியோடு. பயணிகள் நிறைந்து வழியும் அதே வாரத்தில் அவர்களுக்குச் சமைக்கவும் படுக்கை விரிக்கவும் ஆளில்லாமல் ஓட்டல்கள் திண்டாடுகின்றன என்றார் மாப்பிள்ளை. நீலப் புத்தகம் எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு வாரம் அவர்கள் கூடுகிறார்கள். மீதி ஐம்பத்தொரு வாரம் இங்கே இருக்கிறார்கள். அரசு மானியமோ பெரும்பாலும் புத்தகத்தைப் பார்த்தே பங்கிடப்படுகிறது.

15 ஏப்ரல் 2024

எண்ணிக்கை தவறினால் என்ன ஆகும் என்று மகள் கேட்டாள். இரண்டு நிகழ்வுகளைச் சொன்னேன்.

2021 சூலை 1ஆம் தேதி வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தீவைத் திறக்க, மக்களில் 70 சதவீதத்தினருக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். எதில் 70 சதவீதம்? பதிவேட்டில் உள்ளவர்களுக்கு மட்டும் போட்டால் தொற்று அவர்களோடு நிற்காது. வேலை போய் ஊர் திரும்பியவர்கள் எத்தனை, இங்கேயே தங்கிவிட்டவர்கள் எத்தனை என்று தெரியாமல் அந்தச் சதவீதத்துக்கு அடிப்படையே இல்லை.

மற்றது 2004 டிசம்பர் 26. தாய்லாந்தில் சுனாமி சுமார் 5,400 பேரைக் கொண்டுபோனது. ஏறத்தாழ பாதிப் பேர் வெளிநாட்டவர். பல நாட்டுக் குழுக்கள் புக்கெட்டில் மையம் அமைத்து, பல் மருத்துவப் பதிவுகளையும் கைரேகைகளையும் ஒப்பிட்டு, ஒவ்வொரு பெயராக மீட்டன. மியான்மார்த் தொழிலாளிக்குப் பல் மருத்துவப் பதிவு ஏது? ஆவணமில்லாத உறவினர்கள், பிடிபடுவோம் என்று அஞ்சி உடலைக் கேட்டு வரவே தயங்கினார்கள். தக்குவாபா அருகே பாங் மருவான் இடுகாட்டில் அடையாளம் தெரியாதவர்களைப் புதைத்தார்கள். பயணியாக வந்தவர் இறந்த பின்னும் எண்ணப்பட்டார். அவருக்குப் பரிமாறியவர் உயிரோடிருந்தபோதே எண்ணப்படவில்லை. இதைச் சொல்லும்போது என் குரல் கம்மிவிட்டது.

18 ஏப்ரல் 2024

மாப்பிள்ளைக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். சராசரி ஓர் இரவில் தீவில் இருப்போர் 7.5 லட்சத்திலிருந்து 8.1 லட்சம் வரை. அதில் பயணிகள் சுமார் 1.2 லட்சம், பதிவேட்டில் இருப்போர் 4.2 லட்சம், எந்தப் பட்டியலிலும் சரியாக விழாமல் இங்கே வாழ்வோர் 2.1 லட்சத்திலிருந்து 2.7 லட்சம் வரை. மூன்றாவது வரிதான் மிகப் பெரிய ஐயம். ஆங்கிலப் புத்தாண்டு இரவில் பத்து லட்சம் இருந்தார்கள் என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன்; செப்டம்பர் மழையில் சொன்னால் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஒன்றரை மடங்கு என்பது 2010இன் விகிதம் என்பதையும், 1.1 கிலோ என்பதே பதிவேட்டு எண்ணிக்கையால் வகுத்துக் கிடைத்த அளவு என்பதையும் தாளின் அடியில் எழுதியிருக்கிறேன்.

19 ஏப்ரல் 2024

நம் கணக்கெடுப்பில் மார்ச் 1 முதல் 5 வரை திருத்தச் சுற்று என்று ஒன்று உண்டு. எண்ணிய வீடுகளுக்கே மறுபடி போய், இடையில் பிறந்தவரையும் இறந்தவரையும் திருத்த வேண்டும். அந்த நினைவில் இன்று மாலை தகரக் கொட்டகைக்குப் போனேன். புத்தாண்டுக்குப் போனவர்கள் எல்லாரும் இன்னும் திரும்பவில்லை போலிருக்கிறது. கடைசி வரிசையில் நான்கு அறை பூட்டியிருந்தது. செருப்பு 131 சோடி. சிறியவை ஒன்பதும் அப்படியே கிடந்தன. ஏழாவது அறை வாசலில் கொடியில் துணி காய்ந்தது. கையகலத் துணிகள், பத்துப் பன்னிரண்டு. உள்ளே கைக்குழந்தை அழும் சத்தம் கேட்டது.

அந்தக் குழந்தைக்குச் செருப்பு இல்லை. குறிப்பேட்டில் 131ஐ அடித்து 132 என்று எழுதினேன்.