வாடகை வீட்டுக்கு ஒரு வுடன் டம்மி: கட்டையை விட ஸ்டாண்டைப் பாருங்க

விங் சுன்ங்கிற சீனத் தற்காப்புக் கலை கத்துக்கிற யாருக்குமே ஒரு கட்டத்துல வீட்டுல ஒரு வுடன் டம்மி, அதாவது மேல ரெண்டு, நடுவுல ஒண்ணுன்னு மூணு மரக் கையும் கீழ ஒரு காலும் வச்ச பயிற்சித் தூணு, இருந்தா நல்லா இருக்கும்னு தோணிடும். கிளாஸ்ல இருக்கிறது ஒரே ஒரு டம்மி, அதுக்கு முன்னாடி எப்பவும் நாலு பேர் நிப்பாங்க, நம்ம முறை வந்து கை கொஞ்சம் பழகுறதுக்குள்ள அடுத்த ஆளுக்கு வழி விடணும். எனக்கும் அப்படித்தான் ஆசை வந்துச்சு. ஆனா சென்னைல வாடகை பிளாட், ரெண்டாவது மாடி. காலண்டர் மாட்ட ஆணி அடிக்கவே ஹவுஸ் ஓனர்கிட்ட கேக்கணும், இதுல ஆங்கர் போல்ட் இறக்கி நாப்பது கிலோ மரத்தை சுவத்துல தொங்க விடுறேன்னு போய் கேக்கவே முடியாது. அதனால சுவரைத் தொடாம தானா நிக்கிற டம்மி தான்னு முடிவாயிடுச்சு. அதுக்காக தேடி, விசாரிச்சு, கிடைச்ச இடத்துல எல்லாம் தொட்டு அடிச்சுப் பாத்ததுல ஒரு விஷயம் நல்லாத் தெரிஞ்சுது: எல்லாரும் கட்டையோட அழகைப் பாத்து தான் காசு குடுக்கிறாங்க, ஆனா தினமும் நம்ம கையில படுறது ஸ்டாண்டோட குணம் தான்.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். தரையில நிக்கிறது எல்லாம் அசல் டம்மி இல்ல, சுவத்துல மாட்டுறது தான் பாரம்பரியம்னு சொல்ற ஆளுங்க நிறைய இருக்காங்க, அதைக் கேட்டு மனசு விட்டுடாதீங்க. சீனாவுல ஃபோஷன் பக்கம் பழைய காலத்துல டம்மியோட அடியை மண்ணுல புதைச்சு தான் வச்சிருந்தாங்க, அதுல சுவருக்கு வேலையே இல்ல. விங் சுன் ஆசான் இப் மேன் 1950 வாக்குல ஹாங்காங்ல சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்சாரு, அந்த ஊரு நெருக்கமான ஊரு, மாடி மேல மாடி, அங்க குழி எங்க தோண்டுறது? அதனால தான் ரெண்டு குறுக்குப் பட்டையில டம்மியைக் கோத்து மாட்டுற மரச்சட்டம் அங்க வழக்கத்துக்கு வந்துச்சு. ஆக இன்னிக்கு நாம பாரம்பரியம்னு கும்பிடுற அமைப்பே மாடி வீட்டுக்காக மாத்திக்கிட்டது தான். நம்ம பிளாட்டுக்காக நாமளும் ஒரு படி மாத்திக்கிறதுல எந்தக் குறைச்சலும் இல்ல.

ஆனா அப்படி மாத்தினப்போ டம்மிக்கு ஒரு உயிர் வந்துச்சு, அதை விட்டுடக் கூடாது. மண்ணுல புதைச்ச மரம் பெருசா நகராது. பட்டையில தொங்குற மரம் நாம உள்ள புகுந்து அழுத்தினா பட்டை வளைஞ்சு பின்னாடி போயி திரும்பி வரும், பக்கவாட்டுல தள்ளினா பட்டை மேல கொஞ்சம் நகரும். அந்தத் திரும்பி வர்ற அழுத்தத்துல தான் நம்ம முழங்கை சரியான இடத்துல இருக்கா, இடுப்பு பின்னாடி நிக்குதா, தோள் தூக்கிட்டு இருக்கான்னு தெரியுது. தப்பான கோணத்துல போங் சாவ், அதாவது முழங்கையைத் தூக்கித் தடுக்கிற கை, வச்சா அந்த அழுத்தம் அப்படியே தோள்ல வந்து குத்தும், சரியா வச்சா கால் வழியா தரைக்குப் போயிடும். பார்ட்னர் இல்லாம வீட்டுல தனியா பயிற்சி பண்றவங்களுக்கு இதைச் சொல்லிக்குடுக்க வேற யாரும் கிடையாது, டம்மி மட்டும் தான்.

இப்ப தானா நிக்கிற வகைங்களைப் பாப்போம். விலை குறைச்சலா கிடைக்கிறது, பாக்ஸிங் பேக் நிக்க வைக்கிற மாதிரி அடியில பிளாஸ்டிக் தொட்டி, அதுல தண்ணியோ மணலோ ரொப்பி மேல ஒரு தூணு. இதுல ரெண்டு பிரச்சனை. ஒண்ணு, தொட்டி வட்டமா இருக்கிறதால பக்கத்துக் கையில அடிச்சா முழு டம்மியும் தன்னைத்தானே சுத்திக்கும், ஒவ்வொரு தடவையும் கையால திருப்பி நேரா வச்சுட்டு மறுபடி ஆரம்பிக்கணும். இன்னொண்ணு கொஞ்சம் நுணுக்கமானது. அடியில ஸ்பிரிங்கோ ரப்பரோ வச்ச தூணு அடி வாங்கினா அடியை மையமா வச்சு சாயும், அதனால மேல இருக்கிற ரெண்டு கையும் நிறைய நகரும், நடுக் கை கம்மியா நகரும், கால் கிட்டத்தட்ட நகராது, மேல் கையோட கோணமும் மாறிடும். பட்டையில கோத்த டம்மில மேலயும் கீழயும் ஒவ்வொரு பட்டை இருக்கிறதால உடம்பு முழுசும் ஏறக்குறைய நேராவே பின்னாடி போயி நேராவே திரும்பும். தினமும் சாயுற தூணுல பழகின கை வேற ஒண்ணைத் தான் கத்துக்கும். பஞ்ச் பயிற்சிக்குன்னா தொட்டி வகை பரவாயில்ல, டம்மி ஃபார்ம், அதாவது டம்மில வரிசையா செய்யுற அசைவுத் தொகுப்பு, பண்ணணும்னா நான் வேணாம்னு தான் சொல்வேன்.

ரெண்டாவது வகை, அகலமான பலகை மேல டம்மியை போல்ட் போட்டு நிறுத்தினது. அந்தப் பலகை மேலயே நாம ஏறி நின்னு அடிக்கணும், நம்ம எடையே அதைப் பிடிச்சுக்கும். நல்ல யோசனை தான், இடமும் அடைக்காது, ஆனா பலகை ஓரத்துல கால் தட்டும். டம்மி ஃபார்ம்ல ஒரே இடத்துல நிக்கிறது இல்ல, டம்மியோட காலைச் சுத்தி ரெண்டு பக்கமும் மாறி மாறிப் போகணும், உதைக்கணும். ஒரு அடி பலகை மேலயும் அடுத்த அடி தரையிலயும் விழுந்தா கணுக்காலுக்கு ஆபத்து. பலகை போதுமான அளவு பெருசா இருந்தா மட்டும் யோசிக்கலாம்.

மூணாவது, நான் வாங்கினது, ரெண்டு நிலைக்கம்பம், நடுவுல ரெண்டு குறுக்குப் பட்டை, கம்பத்துக்கு அடியில பின்னாடி நீண்ட கால். சுவத்துல இருக்க வேண்டியதை அப்படியே ஒரு சட்டத்துக்கு மாத்தினது. பட்டையோட வளைவு அப்படியே கிடைக்குது. இதுல பாக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, பின்கால் எவ்வளவு நீளம்ங்கிறது. சின்ன கணக்கு தான், போட்டுப் பாருங்க. டம்மியும் சட்டமும் சேந்து 100 கிலோன்னு வச்சுப்போம், எடை மையத்துல இருந்து பின்கால் நுனி வரைக்கும் 40 செ.மீ, நாம தள்ளுறது 120 செ.மீ உயரத்துல. அப்போ சுமார் 33 கிலோ அழுத்தத்துக்கே முன்பக்கம் தூக்க ஆரம்பிச்சுடும். அதே 100 கிலோ தான், பின்கால் தூரத்தை மட்டும் 80 செ.மீ ஆக்குனா 66 கிலோ வரைக்கும் தாங்கும். எடையைக் கூட்டுறதை விட காலை நீட்டுறது சுலபம், அதோட ஒரு மணல் மூட்டையை பின்கால் நுனியில போடாம முன்பக்கமா டம்மிக்குக் கீழ போட்டா இன்னும் நல்லது, ஏன்னா நுனிக்கு எவ்வளவு தூரத்துல எடை இருக்கோ அவ்வளவு பிடிமானம். தண்ணி கேன் வைக்கிறவங்க முழுசா ரொப்பிடுங்க, பாதி தண்ணி இருந்தா குடம் தளும்புற மாதிரி ஒவ்வொரு அடிக்கும் உள்ள ஆடும், அந்த ஆட்டம் சட்டத்துக்கும் வரும்.

அவ்வளவு அழுத்தம் கொடுப்போமான்னு கேட்டா, ஃபார்ம் பண்றப்போ அவ்வளவு தேவையே இல்ல. இப் மேன் 1972ல இறக்குறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி அவர் டம்மில செய்யுறதை எட்டு மில்லிமீட்டர் ஃபிலிம்ல படமா எடுத்து வச்சிருக்காங்க, பாக்காதவங்க தேடிப் பாருங்க. உடம்பு மெலிஞ்சு போயிருக்கு, ஆனாலும் கை ஒவ்வொண்ணும் போற இடத்துக்குப் போயி நிக்குது, எங்கயும் மரத்தோட சண்டை போடல. எனக்கு அதைப் பாத்தா ஒவ்வொரு தடவையும் மனசு நெகிழும். டம்மியை உடைக்கிற மாதிரி அடிக்கிறவங்க முன்கையைத் தான் கெடுத்துக்கிறாங்க. ஆனாலும் உள்ள புகுந்து ரெண்டு உள்ளங்கையாலயும் தள்ளுற இடங்கள் இருக்கு, அங்க சட்டம் தூக்கக் கூடாது, அதுக்குத் தான் இந்தக் கணக்கு.

கட்டை விஷயத்துக்கு வரேன். வழக்கமான அளவு உயரம் 150 செ.மீ பக்கம், விட்டம் 22 செ.மீ பக்கம். கணக்குப் பண்ணா சரியா ரெண்டு கனஅடி மரம் வருது, தேக்குன்னா எடை 37 கிலோ பக்கம். நான் மரவாடியில விலை கேட்டுட்டு ஆசாரி ஒருத்தர்கிட்ட போயி படம் காட்டினேன். "முழு உருளையா ஒரே மரம் வேணாம்மா, நடு வைரத்தோட இருக்கிற உருளை காய காய வெடிக்கும், பட்டை பட்டையா அறுத்து ஒட்டிக் கடைஞ்சுக்கலாம்"னாரு. "பலமா இருக்குமாண்ணே"ன்னு கேட்டேன், "ஒட்டு விடாது, மரம் காஞ்சிருக்கணும், அதான் முக்கியம்"னாரு. அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. மரம் காயறப்போ குறுக்கு வாக்குல சுருங்குறது ஒரு திசையில கூடவும் ஒரு திசையில கம்மியாவும் இருக்கும், முழு உருளையில அந்த இழுப்புக்குப் போக்கிடம் இல்லாம பிளந்துக்குது. அதனால தான் முழு மர டம்மி செய்யுறவங்க பின்பக்கம் மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு வெட்டு போட்டு வைப்பாங்க, வெடிச்சா அங்கயே வெடிக்கட்டும்னு. அந்த வெட்டைப் பாத்து பழுதுன்னு நினைக்காதீங்க. மேல முகத்துல மெல்லிசா கீறல் இருந்தாலும் பயப்பட வேணாம், ஆனா கீறல் கை நுழையுற துளை வரைக்கும் ஓடி வந்திருந்தா அதை எடுக்காதீங்க.

கை நுழையுற துளையைக் கட்டாயம் பாருங்க. மேல் கை ரெண்டும் உள்ள குறுக்க குறுக்க போறதால துளை ஒண்ணு கொஞ்சம் மேலயும் ஒண்ணு கொஞ்சம் கீழயும் இருக்கணும். கையோட பின்பக்கம் சதுரமா இருந்து உடம்பைத் தாண்டி பின்னாடி வந்து ஒரு முளையில நிக்கணும். இறுக்கமா ஆணி அடிச்ச மாதிரி இருந்தா அது தப்பு, லேசா ஆடணும், தட்டினா டொக் டொக்னு சத்தம் வரணும். போல்ட் போட்டு வெளிய இருந்து முறுக்கின கையோட வர்ற டம்மிங்க இருக்கு, அதுல இந்த ஆட்டம் சுத்தமா இருக்காது, அடி நேரா எலும்புக்கு வரும். கைங்களை உடம்பை விட கெட்டியான மரத்துல செய்யச் சொல்லுங்க, நுனி உருண்டையா வழுவழுன்னு இருக்கணும். உயரம், மேல் கை உங்க தோள் மட்டத்துக்கு வரணும், என்னை மாதிரி அஞ்சடி ரெண்டு அங்குலம் இருக்கிறவங்க ஆறடி ஆளுக்குச் செஞ்சதை அப்படியே வாங்கினா எல்லாக் கோணமும் கெட்டுப் போகும். சட்டத்துல பட்டையை ஏத்தி இறக்க மூணு நாலு துளை இருக்கான்னு பாத்துக்கங்க, வீட்டுல தம்பியும் பழகுறான்னா இது ரொம்ப உதவும்.

வார்னிஷ் வேணாம். வேர்வையோட முன்கை வார்னிஷ்ல ஒட்டிக்கிட்டு தோல் இழுபடும், கொஞ்ச நாள்ல அதுவே உரிஞ்சும் வரும். லின்சீட் ஆயில் தடவி துடைச்சா போதும். ஒரு எச்சரிக்கை, அந்த எண்ணெய் துடைச்ச துணியை சுருட்டி மூலையில போடக் கூடாது, அது காயறப்போ தானா சூடேறி தீப்பிடிக்கும், விரிச்சுக் காயப்போட்டு அப்புறம் தூக்கிப் போடுங்க, இல்ல தண்ணியில முக்கி வைங்க. மழைக்காலத்துல நம்ம ஊரு ஈரத்துக்கு மரம் ஊதும், கை துளையில இறுகிக்கும், அப்போ சுத்தியால அடிச்சுப் பிடுங்காதீங்க, துளையைத் தேய்ச்சுப் பெருசாக்கவும் வேணாம். வெயில் வந்தா தானா சரியாயிடும், அவசரம்னா கையோட சதுரப் பக்கத்துல மெழுகு தேய்ங்க.

கடைசியா சத்தம். கை துளையில தட்டுற சத்தம் காத்துல போறது, அதை விட சட்டத்தோட கால் வழியா தரைக்குள்ள இறங்குற அதிர்ச்சி தான் கீழ் வீட்டுக்காரங்களுக்குத் தொந்தரவு. கெட்டி ரப்பர் ஷீட்டை ஒவ்வொரு காலுக்கும் அடியில போடுங்க, டைல்ஸும் பிழைக்கும், சட்டமும் வழுக்காது. துண்டு துண்டா கோத்து விரிக்கிற ஃபோம் பசில் மேட் மேல நிக்க வைக்காதீங்க, அது ரொம்ப மெத்துன்னு இருக்கிறதால சட்டமே ஆட ஆரம்பிச்சுடும். நான் டம்மி வர்றதுக்கு முன்னாடியே கீழ் வீட்டு அக்காகிட்ட போயி விஷயத்தைச் சொல்லி எந்த நேரம் சரிப்படும்னு கேட்டேன், அவங்க வீட்டுல பத்தாவது படிக்கிற பையன் இருக்கான், சாயங்காலம் ஆறுல இருந்து ஏழு வரைக்கும் அவன் டியூஷன் போயிடுவான், அந்த நேரம் எவ்வளவு வேணா அடிச்சுக்கோன்னாங்க. ஆர்டர் குடுக்கிறவங்க கடைக்காரர்கிட்ட முன்னாடி எடுத்த போட்டோ மட்டும் வாங்காம பக்கத்துல இருந்தும் பின்னாடி இருந்தும் எடுத்த போட்டோ, பின்காலோட நீளம், பட்டை என்ன மரம், இதெல்லாம் கேட்டு வாங்கிட்டு அப்புறம் அட்வான்ஸ் போடுங்க.