கல்லுக்குள் யார்?

குன்னூர் குளிரில் உப்புநீர் மீன்தொட்டி வைத்திருந்தால், மீன் குறையும்போதெல்லாம் பழி ஹீட்டர் மேல்தான். ஆனால் குளிரில் செத்த மீன் பெரும்பாலும் கண்ணில் படும். முதலில் தொட்டிக்குப் பின்னால் தரையைப் பாருங்கள், குதித்திருக்கலாம். அங்கேயும் இல்லை, மிச்சமிருக்கும் மீன்களுக்கு வால் கிழிந்திருக்கிறது என்றால், தொட்டிக்குள் வைத்த கடல்கல்லுக்குள் யாரோ குடியிருக்கிறார்கள்.

விளக்கை அணைத்து வெகுநேரம் கழித்து, டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிப் பாருங்கள். சிவப்பு வெளிச்சம் பல கடல் உயிர்களுக்குச் சரியாகத் தெரியாது. 'டக்' என்று சத்தம் கேட்டால் மீனை வேட்டையாடும் மேன்டிஸ் இறாலாக இருக்கலாம். அவசரப்பட வேண்டாம், பிஸ்டல் இறாலும் சொடுக்கும். அதில் சில வகைகள் கோபி மீனோடு ஒரே வளையில் குடித்தனம் நடத்தும் சாதுக்கள். உடம்பெல்லாம் ரோமமும் கறுத்த கொடுக்குநுனியும் உள்ள நண்டை நான் நம்பமாட்டேன்.

முள்புழுதான் பாவம். செத்த மீனைத் தின்னும்போது மாட்டிக்கொண்டு கொலைப்பழி சுமக்கும். (வெறுங்கையால் தொடாதீர்கள், முள் ஏறும்.) தலையில் ஐந்து உணர்கொம்புகளும் கத்தரிபோன்ற தாடையும் இருந்தால் அது மீனைப் பிடித்துத் தின்னும் பாபிட் புழு. பிடித்து இழுத்தால் அறுந்து பாதி உள்ளேயே தங்கிவிடும். கல்லோடு வெளியே எடுத்துவிடுங்கள்.

இறாலுக்கும் நண்டுக்கும் வேறு வழி: தொட்டி நீரின் உப்படர்த்தி (நல்ல தண்ணீரை 1 என்று வைத்து அளப்பது) 1.025 என்றால், வாளியில் 1.035க்கு மேல் கலக்கிச் சில நிமிடம் கல்லை முக்குங்கள். பல நேரம் தானே வெளியே ஓடிவரும். பிடித்ததைத் தனித்தொட்டியில் வளர்க்கலாம், மேன்டிஸ் இறாலுக்கு ரசிகர்களே உண்டு. தயவுசெய்து ஓடையில் மட்டும் கொட்டாதீர்கள்.