ஊதாக் கணு

பென்னாகரம் பக்கம் ராகிக் காட்டிலேயே வளர்ந்தவன் நான். ஆனால் ராகிப் பூவைச் சரியாகப் பார்த்தது, புது ரகம் உருவாக்கும் பயிர்ப்பெருக்கத் திடலில் உதவியாளனாகச் சேர்ந்த பிறகுதான். பூவா அது? எள்ளில் பாதிகூட இருக்காது. அதுவும் பின்னிரவு ஒரு மணிக்கு மேல், விடிவதற்குள் மலர்ந்து, தன் மகரந்தத்தைத் தானே பூசிக்கொண்டு வேலையை முடித்துவிடும். நாம் டீ குடித்துவிட்டு வயலுக்குப் போகும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

இரண்டு ரகத்தைக் கலக்க வேண்டுமென்றால், தாய்ப் பூவின் சொந்த மகரந்தத்தை முதலில் ஒழிக்க வேண்டும். நெல் என்றால் பூவின் நுனியைக் கத்தரித்து மகரந்தப் பையை எடுத்துவிடலாம். ராகியில் அந்தப் பாடு பெரும்பாடு. அதனால் வெந்நீர் வைத்தியம். பிளாஸ்கில் 52 டிகிரி நீர், அதில் இளங்கதிரை ஐந்து நிமிடம் முக்க வேண்டும். மகரந்தம் செத்துவிடும், சூல் பிழைத்துக்கொள்ளும். அப்புறம் ஆண் கதிரைப் பக்கத்தில் சேர்த்துக் கட்டி, காகித உறை மாட்டிவிடுவோம். முதல் வருடம் என் வெப்பமானி பழுது என்பது எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் உறையைப் பிரித்தால் எல்லாக் கதிரும் வெளுத்துக் கிடந்தன. எனக்கு மேலதிகாரியாக இருந்த பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, களி கிண்டிட்டியா?" என்றார்.

அடுத்த வருடம் தேறியது. தாய்க்குப் பச்சைக் கணு, தந்தைக்கு ஊதாக் கணு. ஊதா ஓங்கு பண்பு, அதாவது ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே வெளியே தெரியும் என்பதால், நாற்றில் ஊதா தெரிந்தால் கலப்பு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு பாத்தி முழுக்கக் குத்துக்காலிட்டுத் தேடியதில் ஏழு கிடைத்தன. அந்த ஏழையும் கண்டபோது வந்த சந்தோஷம், சம்பளம் வந்த அன்றுகூட வந்ததில்லை.

இவ்வளவும் எதற்கு? எங்கள் பக்கம் மானாவாரி. ஆடியில் விதைத்தால் மழை ஏமாற்றுகிறது. கதிர் வரும் நேரத்தில் விடாமல் தூறுகிறது. அந்த ஈரத்தில் குலை நோய் வந்து கதிரின் கழுத்து கறுத்தால், மேலே உள்ளது வெறும் பதர். கர்நாடகத்தில் ராகி ஆராய்ச்சியாளர் லட்சுமணய்யா இந்திய ராகியோடு ஆப்பிரிக்க ராகியைக் கலந்து 'இண்டாஃப்' ரகங்களை எடுத்தார். ராகியின் தாய்வீடே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம்தான். நாங்களும் அந்த வழியில்தான் போனோம்.

ஏழு செடியின் வாரிசுகளை ஆறு தலைமுறை கழித்துக் கழித்து, கடைசியில் ஒரு வரிசை நின்றது. குட்டை, சாயாது, கதிர் கனம், கழுத்தில் கறுப்பு இல்லை. களையெடுக்க வந்த ஆயாவிடம் பெருமையாகக் காட்டினேன். கதிரை அவர் பார்க்கவே இல்லை. கதிருக்குக் கீழே உள்ள தாளைப் பிடித்து முழங்காலோடு அளந்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. இதைப் போட்டா மாட்டுக்கு என்னத்தப் போடுறது?"

என் பதிவேட்டில் தாள் எடைக்குக் கட்டமே இல்லை. அன்று மாலை இந்த வரிசையில் ஒரு கத்தை, பக்கத்து நாட்டு ராகியில் ஒரு கத்தை அறுத்துத் தராசில் வைத்தேன். பாதிகூட இல்லை.